பால் பாத்திரத்தின் உட்புறம்

செம்புப் பாத்திரம் வாங்கப் போனால் முதலில் விளிம்பைப் பாருங்கள். எல்லோரும் அடியைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். அங்கே ஏமாற்றுவது சுலபம். விளிம்பில்தான் தகட்டின் கனம் தெரியும். இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்ல பாத்திரம். ஒன்றரைக்குக் கீழே என்றால் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், அடுப்பில் வைக்கக் கூடாது. இதைப் பத்தொன்பது வருடங்களாக ஒரு பெரிய பாத்திரக் கடையின் இரண்டாவது மாடியில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ‘தரமற்ற பித்தளைப் பாத்திரம்’ என்று இருக்கிறது. மூன்று சொல்லில் இரண்டு தப்பு. அது பித்தளை இல்லை, செம்பு. தரமற்றதும் இல்லை. அதைத் திருத்தச் சொல்லத்தான் இன்று மத்தியானம் காவல் நிலையத்துக்கு வந்தேன். நீங்கள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா, துக்க வீட்டுல இருந்து வந்திருக்கீங்க” என்றீர்கள். உங்கள் எழுத்தர் பேனாவைத் திறந்தார். செம்புக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில் என் வாக்குமூலத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. தாளைக் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பதின்மூன்று மாதக் குழந்தை இறந்துவிட்டது. என் தம்பியின் மகள். குழந்தையின் ஈரலில் செம்பு சேர்ந்திருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பால் காய்ச்சிய பாத்திரத்திலிருந்து சேர்ந்தது. பாலைக் காய்ச்சியவள் என் தம்பி மனைவி. கவனக்குறைவால் குழந்தையின் சாவுக்குக் காரணமானாள் என்று நேற்றிலிருந்து அவளை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளும் ஆமாம், நான்தான், நான்தான் என்று அழுகிறாளாம். அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபின் எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அவனுக்கு வாய் ஒன்றுதான் வேலை செய்யும், கை எதற்கும் உதவாது. முட்டையைக்கூட ஒழுங்காக உடைக்கத் தெரியாதவன். பதினோரு வருடம் மூன்று வேளையும் நான்தான் சமைத்துப் போட்டேன். கல்யாணப் பேச்சு எனக்கு இரண்டு முறை வந்தது. அவனுக்கு யார் சமைப்பார்கள் என்று நான் கேட்டதும் இரண்டு முறையும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி, “அக்கா கை அக்கா கைதான்” என்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வானே, அந்த வேலை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்தவன். வீட்டில் மூக்குக்கு எதிரே நடப்பது தெரியாது.

அந்தப் பால் பாத்திரத்தை நான் தேர்ந்தெடுத்தது அவனுக்காக. கடைக்கு ஒரே நாளில் நாற்பது வந்தன. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்தால் பால் ஊற்றும் மூக்குப் பக்கம் சாயாமல் நிற்க வேண்டும். இரும்புக் கைப்பிடி, மூன்று ரிவிட், மூன்றும் செம்பு. உள்ளே வெள்ளீயம், கையால் துணிகொண்டு துடைத்துப் பூசியது. இயந்திரத்தில் பூசியது வழவழவென்று இருக்கும், கையால் பூசியதில் துணி போன தடம் லேசாகத் தெரியும். முப்பத்தொன்பதை ஒதுக்கினேன். ஒதுக்கியவை அந்த மாதமே விற்றுத் தீர்ந்தன. பளபளப்பாக இருக்கிறதா, சுவரின் நிறத்துக்கு ஒத்துப்போகுமா என்று கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருவர் காந்தத்தைப் பையில் போட்டு வந்திருந்தார். பாத்திரத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றதும் போலி என்று முடிவுகட்டி, என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். செம்பில் காந்தம் ஒட்டாது என்று நான் சொல்லவில்லை. அவரவர் தகுதிக்கு ஏற்ற பாத்திரம் அவரவருக்குக் கிடைக்கும் என்று விட்டுவிடுவது என் வழக்கம்.

வெள்ளீயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. செம்பில் நேராகச் சமைக்கக் கூடாது, முக்கியமாகப் பாலோ புளிப்போ உள்ளே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் உள்ளே இந்தப் பூச்சு. புதிதில் வெள்ளி மாதிரி இருக்கும். நாலு மாதத்தில் சாம்பல் நிறமாக மங்கிவிடும். அந்த மங்கல் அழுக்கு இல்லை, பூச்சு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். மெத்தென்ற துணியால் கழுவிக் கவிழ்த்தால் போதும். கம்பிநார் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

எவர்சில்வரில் வளர்ந்தவர்களுக்கு இது ஏறாது. உள்ளே மங்கலாக இருந்தால் அவர்களுக்குக் கை அரிக்கும்.

என் தம்பி மனைவி எவர்சில்வர் வீட்டுப் பெண். அதுமட்டுமில்லை, கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் துணிகளை உலர்சலவை செய்யும் கடையில் இருந்தவள். சட்டையில் மை, கோட்டில் எண்ணெய், மேசைவிரிப்பில் ஒயின் என்று எதைக் கொண்டுவந்தாலும் எடுத்துவிடுவாளாம். அதை அவள் ஏதோ பட்டம் வாங்கியதுபோல் சொல்லிக்கொள்வாள். என் மனதுக்குள் அவளுக்குக் ‘கறைநீக்கி’ என்று பெயர். வந்த முதல் வாரமே என் சமையலறை அலமாரியில் இருந்த அத்தனையையும் இறக்கி, துடைத்து, வேறு வரிசையில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு என் தோளைப் பிடித்து, “அக்கா, இத்தனை வருஷம் நீங்க கஷ்டப்பட்டது போதும். இனிமே நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். உட்கார்ந்தேன். மூன்று வருடம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன். உப்பு போட்டோமா இல்லையா என்று அவளுக்கே நிச்சயம் இருக்காது. தம்பி மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டான். ஒரு நாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அன்று நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

குழந்தை பிறந்தது. பெண். தம்பி ‘பொடிசு’ என்று கூப்பிட்டான். எனக்கும் பிடித்திருந்தது. என் விரலைப் பிடித்தால் விடாது. இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதிவிடுகிறேன், குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

ஐந்தாம் மாதம் தாய்ப்பால் நின்றுபோனது. அதன்பின் அந்தச் செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சினாள். அதுவரை அதை நான் மட்டும்தான் தொட்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். முகமெல்லாம் பல்.

“அக்கா, உள்ள பாருங்களேன். எவ்ளோ கறை இருந்துச்சு தெரியுமா? ரெண்டு நாளா தேய்ச்சேன்.”

பார்த்தேன். பூச்சு மெலிந்திருந்தது. அடியில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் தம்பி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

“அட, இது இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அக்கா இத்தனை வருஷமா ஒரு தடவைகூட ஒழுங்கா தேய்ச்சதில்ல போல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள், “சும்மா இருங்க” என்று அவன் தோளில் தட்டினாள். எனக்கு வலித்தது. பதினோரு வருடம் அவன் குடித்த ஒவ்வொரு டம்ளர் பாலும் அந்தச் சாம்பல் நிறத்தால்தான் அவன் உடம்பில் ஒட்டியது. அதைப் போய் அழுக்கு என்றான்.

நான் பாத்திரத்தைக் கையில் எடுத்தேன். வாடிக்கையாளரிடம் பேசும் குரல் எனக்கு ஒன்று உண்டு, அந்தக் குரலில் சொன்னேன்: “நல்லா இருக்கு. அங்கங்கே திட்டுத் திட்டா நிக்குது பாரு. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா முழுக்க ஒரே நிறமா வந்துடும்.”

அவளுக்கு என் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தாள், கம்பிநார் மாற்றி மாற்றித் தேய்த்தாள். மூன்று வாரத்தில் உள்ளே ஒரு துளி வெள்ளீயம் இல்லை. புதுத் தாலிபோல் மின்னியது, கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். காலையில் பாலைக் காய்ச்சி அதிலேயே மூடி வைத்து, சாயங்காலம்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தாள். நல்ல பாத்திரத்தில் இருந்தால் பால் கெடாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அது யார் சொன்னது என்று கேட்காதீர்கள். கடையில் நான் பேசுவதை ஒருமுறை வந்து கேட்டிருக்கிறாள், பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது என்று இங்கே வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எழுத உட்கார்ந்தபின் அரைகுறையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. அவள் ஒருமுறை கேட்டாள். “அக்கா, உள்ள செவப்பா இருக்கே, பரவாயில்லயா?” என்றாள். “நல்ல செம்புன்னா உள்ளயும் செவப்பாத்தான் இருக்கும்” என்றேன். “நீங்க இருக்கறதால எனக்குக் கவலையே இல்லக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் தம்பிக்கு வயிற்றைப் பிரட்டியது. அவன் டீக்கும் அதே பால்தான். மறுநாளிலிருந்து அவனுடைய டீயை நான் தனியாகப் போட்டேன், எவர்சில்வர் பாத்திரத்தில், தனிப் பாலில். என் கையால் எவர்சில்வரை எடுத்தது அப்போதுதான். மூன்று நாளில் அவனுக்குச் சரியாகிவிட்டது. “அக்கா டீன்னா அக்கா டீதான்” என்றான். கடைக்குப் போகிறவரை சமையலறை வாசலில் நின்று, டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு என்னோடு பேசுவான். ஏழு மாதம் அப்படி நடந்தது. அந்த ஏழு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். எல்லாக் காலையிலும் பக்கத்து அடுப்பில் குழந்தையின் பாலோடு அந்தச் செம்புப் பாத்திரம் இருந்தது. நான் பார்க்காமல் இல்லை.

குழந்தைக்குப் பசி குறைந்தது, வயிறு உப்பியது. கண் மஞ்சளானதை முதலில் கண்டுபிடித்தது எதிர்வீட்டில் தையல் வேலை செய்யும் பெண். கண் பரிசோதகரான என் தம்பி அதன்பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, ஆமாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். ஆனால் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது நாளே கேட்டுவிட்டார்: “பால் எதுல காய்ச்சறீங்க? பித்தளை, செம்பு மாதிரி ஏதாவது?”

கறைநீக்கி என் முகத்தைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். செம்பு என்றால் அந்த வீட்டில் நான்தானே பேச வேண்டும்.

“செம்புதான் டாக்டர். ஆனா இரண்டரை மில்லிமீட்டர் கனம், உள்ளே கையால வெள்ளீயம் பூசின உயர்தரம். நானே பத்தொன்பது வருஷமா விக்கறேன். அதுல ஒண்ணும் வராது.”

“அப்ப சரி” என்று அவர் தாளில் ஏதோ அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, வாங்கிய நாளில். அதன்பின் ஆறு வாரம் கிருமியா, பரம்பரை நோயா என்று இரத்தத்தை எடுத்து எடுத்து ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். நடுவில் வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்பச் சேர்த்தார்கள். வீட்டில் இருந்த நாளெல்லாம் உடம்பு தேறட்டும் என்று அவள் பாலைக் கூட்டிக் கொடுத்தாள்.

ஒரு நாள் கடையில் அலமாரியிலிருந்து புதுப் பால் பாத்திரம் ஒன்றை எடுத்தேன். எடுத்துப் பையில்கூடப் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சிவப்பு போய் வெள்ளை வந்தது எப்படி என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் கண் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கைப்பிடிப் பக்கம் விளிம்பு கொஞ்சம் மெலிந்திருந்தது. இரண்டாம் தரம். திரும்ப வைத்துவிட்டேன். என் தம்பி வீட்டுக்கு இரண்டாம் தரத்தைக் கொண்டுபோய்ப் பழக்கம் இல்லை எனக்கு.

அப்புறம் ஈரலில் ஊசிபோட்டுத் துளி எடுத்துப் பார்த்தார்கள். செம்பு என்று வந்தது. ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தன் தப்பு என்று நினைத்திருப்பார் பாவம்.

நான் எதிர்பார்த்தது வேறு. தம்பி பாத்திரத்தைக் கையில் எடுத்து, உள்ளே பார்த்து, இவளைப் பார்த்து, “வெளிய போடி” என்று சொல்வான் என்று நினைத்தேன். ஒரு குழந்தைக்குப் பால்கூடக் காய்ச்சத் தெரியாத ஒருத்தியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோமே என்று அவனுக்கு உறைக்கும், பழையபடி நாங்கள் இருவரும் இருப்போம் என்று நினைத்தேன். இதற்குத்தான் இவ்வளவும். இதைத் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். அவளை என்னால் எத்தனை வருடமானாலும் விரட்டியிருக்க முடியாது, குழந்தை வழியாகத்தான் முடிந்திருக்கும்.

அவன் அவளைத் திட்டவில்லை. சமையலறைத் தரையில் அவளோடு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம ரெண்டு பேரும் சேர்ந்துதானே பாத்துக்கிட்டோம், உன் மேல மட்டும் என்ன தப்பு?” என்று அழுதான். நான் டீ கொண்டுவந்து நீட்டினேன். அவன் வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அப்படியே அவளிடம் கொடுத்தான்.

நேற்று உங்கள் ஆட்கள் அவளை அழைத்துப்போனபோதும் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினான். இராத்திரி வீட்டுக்கு வரவில்லை. இந்த நிலையத்தின் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தானாம். நான் உள்ளே வரும்போது எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “அவளுக்காகப் பேச வந்தீங்களாக்கா? நீங்க சொன்னா கேப்பாங்க. செம்பப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?” என்றான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. ஆமாம், அவளுக்காகத்தான் என்றேன். அதுவும் பொய் இல்லை. இதில் கையெழுத்துப் போட்டதும் அவளை நீங்கள் விட்டாக வேண்டும்.

ஆகவே, என் தம்பி மகளின் சாவுக்கு நானே காரணம். பூச்சு போனது தெரிந்து, தேய்க்கச் சொல்லி, கேட்டபோது பொய் சொல்லி, காப்பாற்றக்கூடிய டாக்டரைத் திசைதிருப்பிவிட்டது நான். அவளுக்கு இதில் பங்கு இல்லை, அவள் நான் ஆட்டிவைத்த வெறும் கை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

நான் எழுத எழுத வாங்கிப் படித்த நீங்கள் இப்போது எழுந்து கதவைத் திறந்து அவனைக் கூப்பிடுகிறீர்கள். கூப்பிடுங்கள், அதுதான் எனக்கும் வேண்டும். அவன் வந்து இந்தத் தாள்களை முதலிலிருந்து படிக்கட்டும், முக்கியமாக அவனுக்கு மட்டும் தனிப் பாலில் டீ போட்ட இடத்தை நிதானமாகப் படிக்கட்டும். அவனுக்குச் சமைத்துப் போட ஒரு மணிநேரம் மட்டும் எனக்கு அனுமதி கொடுத்தால் போதும். படித்து முடித்ததும் அவனுக்குப் பசிக்கும், என்னோடுதான் வீட்டுக்கு வருவான்.